ராத்திரியில் மட்டும் டிரிப் ஆகும் ஆர்சிசிபி: எங்கே தேடுவது?

பல்கலைக்கழகத்தில் மின்பாதுகாப்பு என் பொறுப்பு. வேதியியல் லேப் ஒன்றில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) ராத்திரியில், ஆளே இல்லாத நேரத்தில் டிரிப் ஆகிறது. காலையில் போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜுக்கு அடியில் தண்ணீர், உள்ளே சாம்பிள் எல்லாம் வீண். பகலில் மாணவர்கள் அத்தனையையும் ஆன் செய்தாலும் அது அசைவதில்லை.

அந்த ஆர்சிசிபி 4 போல், 63 ஆம்பியர், கசிவு வரம்பு 30 மில்லி ஆம்பியர், ஏசி டைப். ஹாட் பிளேட், ஓவன், ஃப்ரிட்ஜ், கம்ப்யூட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் இதன் கீழேதான். விடுமுறை முடிந்து லேப் திறந்ததிலிருந்து இந்தத் தொல்லை.

புது ஆர்சிசிபி மாற்றியாயிற்று. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரில் ஒவ்வொரு சர்க்யூட்டும் 50 மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறது. நியூட்ரல் எங்கும் எர்த்தோடு சேரவில்லை, பக்கத்து போர்டு நியூட்ரலோடும் கலக்கவில்லை. மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப் (கசிவை அளக்கும் மீட்டர்) போட்டால் பகலில் 11 மில்லி ஆம்பியர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அதில் பாதியான 15-ஐத் தாண்டினாலே விழ வாய்ப்புண்டு என்பதால் அதுவும் நிம்மதி தரவில்லை. ஐஸை உருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டர் மேல் சந்தேகப்பட்டு ஃப்ரிட்ஜை வேறு போர்டுக்கு மாற்றிப் பார்த்தேன். அப்படியும் விழுந்தது.

"300 மில்லி ஆம்பியர் போட்டுடலாம் சார்" என்கிறார் எலக்ட்ரீஷியன். பிள்ளைகள் ஈரக்கையோடு ஹாட் பிளேட்டைத் தொடுகிற இடம். 300 தீ விபத்துக்குத்தான் உதவும், ஷாக் அடித்த ஆளைக் காப்பாற்றாது. அதற்கு நான் சம்மதிக்கப் போவதில்லை.

லீக்கேஜைப் பதிவு செய்யும் லாகரை ராத்திரி முழுக்க மாட்டி வைப்பதா, சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்சிபிஓ (கசிவு, ஓவர்லோட் இரண்டுக்கும் டிரிப் ஆகும் பிரேக்கர்) என்று பிரித்துவிடுவதா, நீங்களாக இருந்தால் எதை முதலில் செய்வீர்கள்?