பட்ஜெட்டில் பூஜ்யம் போட்ட கதை: நிதியுதவி பற்றி நாம் தவறாக நம்பியவை (அனுபவப் பகிர்வு)

மாலை வகுப்பு நடத்துபவர்:
பள்ளியை விட்டு நின்றுபோன பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் ஒரு சிறிய டிரஸ்டில் 11 வருடமாக இருக்கிறேன். முதன்முதலில் நிதி தரும் ஓர் அறக்கட்டளைக்குப் புரொபோசல் (நிதி கேட்கும் திட்ட விண்ணப்பம்) எழுதியபோது, பட்ஜெட்டில் கணக்காளர் சம்பளத்துக்கு எதிரே பூஜ்யம் போட்டோம். அலுவலக வாடகைக்கும் பூஜ்யம். ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில் பாதியைப் 'பயிற்சிச் செலவு' என்ற தலைப்புக்குள் நுழைத்தோம். எல்லாப் பணமும் பிள்ளைகளுக்கே போகிறது என்று காட்டினால்தான் கொடுப்பார்கள் என்று மனதார நம்பியிருந்தோம்.

நேரில் பேச அழைத்தார்கள். அந்த அதிகாரி பட்ஜெட் தாளைப் பென்சில் முனையால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பூஜ்யத்தில் பென்சில் நின்றது.

"கணக்கை யார் எழுதுவாங்க?"

"நாங்களே பார்த்துக்குவோம் மேடம்."

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை செலவுக் கணக்கு அனுப்பணும். வருஷ முடிவுல ஆடிட் பண்ணின அறிக்கை வேணும். வகுப்பும் எடுத்துக்கிட்டு இதையும் எப்படிச் செய்வீங்க?"

என்னிடம் பதில் இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் கேட்டு எழுதினேன். திட்டம் பிடித்திருந்தது, அதை நடத்த ஆள் இருப்பதாகப் பட்ஜெட்டில் தெரியவில்லை என்று பதில் வந்தது. மறுவருடம் உண்மையான செலவை அப்படியே போட்டு அனுப்பினோம், கிடைத்தது. நிராகரித்தால் கதவு மூடிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சொல்வார்கள்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கணக்கு பார்ப்பவர்:
அக்கா, நான் 6 தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். வங்கியில் ஏறிவிட்டால் அது நம் பணம் என்ற எண்ணத்தைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தில் பயிற்சித் தலைப்பில் பணம் மிஞ்சியது. அதே சமயம் பிரிண்டர் பழுதாகிவிட்டது. மிஞ்சியதை எடுத்துப் புதிதாக ஒன்று வாங்கினார்கள். யாரும் காசை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அந்தப் பிரிண்டரும் அலுவலகத்தில்தான் ஓடியது. ஆனாலும் ஆடிட்டில் அது 'அனுமதிக்கப்படாத செலவு' ஆகி, முழுத் தொகையையும் திருப்பிக் கட்டினார்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கலாம். சில ஒப்பந்தங்களில் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு 10 சதவீதம் வரை கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். சிலவற்றில் எதையும் கேட்காமல் தொடக்கூடாது. அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்து, அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். கடைகளில் மெஷினில் அடித்துத் தரும் வழவழப்பான பில் இருக்கிறதே, அதில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சு மட்டும்தான், நாள்பட வெளுத்துவிடும். ஒரு முறை ஆடிட்டர் முன்னால் கோப்பைத் திறந்தோம். வவுச்சர் இருந்தது, கையெழுத்து இருந்தது, பின் அடித்திருந்த பில் மட்டும் வெள்ளைத் தாளாக இருந்தது. அப்படி 20-க்கு மேல். அந்தச் செலவுகள் நடந்தன என்று எனக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை. அன்றிலிருந்து பில் வந்த அன்றே நகல் எடுத்து, இரண்டையும் சேர்த்துத்தான் வைக்கிறேன்.

மருத்துவ முகாம் நடத்துபவர்:
அனுமதிக் கடிதம் வந்த வாரமே 4 பேரை வேலைக்கு எடுத்தோம். பணம் முன்கூட்டியே வரும் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களாக நினைத்துக்கொண்டோம். அப்புறம்தான் ஒப்பந்தத்தை முழுதாகப் படித்தோம். முதலில் நாம் செலவு செய்ய வேண்டும், ரசீது காட்டினால் பிறகு தருவார்கள். மூன்று மாதச் சம்பளத்தை டிரஸ்டிகள் சொந்தக் கையிலிருந்து போட்டார்கள். விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள்: முன்பணமா, தவணையா, செலவுக்குப் பின்னா?

புரொபோசல் எழுதிக் கொடுப்பவர்:
அக்கா சொன்ன பூஜ்யத்தைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். நிர்வாகச் செலவைக் கேட்பதே தப்பு என்ற எண்ணம் கொடுப்பவர்களை விட நம்மிடம்தான் ஆழமாக இருக்கிறது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றித் தகவல் திரட்டித் தரும் மூன்று அமைப்புகள் 2013-ல் கொடையாளர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதின. நிர்வாகச் செலவு சதவீதத்தை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை எடை போடாதீர்கள் என்று அதில் கேட்டுக்கொண்டன. அந்த நாட்டு மத்திய அரசின் நிதியில், அரசிடம் தனி விகிதம் பேசி வாங்காத நிறுவனங்கள் மறைமுகச் செலவுக்கு, அதாவது வாடகை, கணக்கு எழுதுதல் போன்ற பொதுச் செலவுக்கு, 10 சதவீதம்தான் கேட்க முடிந்தது. 2024 அக்டோபரிலிருந்து அது 15 ஆனது. இந்தியாவில் இது எதிர்த்திசையில் போனது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. எனவே எங்கோ படித்த ஒரு சதவீதத்தை அப்படியே எழுதாதீர்கள். யார் தரும் பணம், எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். வரம்பு எதுவாக இருந்தாலும், அதற்குள் உண்மையை எழுதலாம்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் எழுதிக் கொடுத்த திட்டம் ஒன்று மூன்று வருடம் நன்றாக நடந்தது. நான்காம் வருடம் வேறு வழி எதுவும் இல்லாமல் நின்றுபோனது. அறக்கட்டளை தொடர்ந்து தரும் என்று எல்லோரும் நம்பினோம். ஒப்பந்தத்தில் 36 மாதம் என்று தெளிவாக எழுதியிருந்தது. பெரிய அறக்கட்டளைகள் நிறைந்த அமெரிக்காவிலேயே, தொண்டுக்கு வரும் பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனிமனிதர்கள் கொடுப்பதுதான். அறக்கட்டளைகளின் பங்கு ஐந்தில் ஒன்று அளவில்தான் இருக்கிறது. எங்கள் கவனம் முழுவதும் அந்த ஒரு பங்கின் மேலேயே இருந்தது. மாதாமாதம் சிறு தொகை கொடுத்து வந்தவர்களுக்கு நன்றிக் கடிதம்கூட எழுதவில்லை.

நூலகம் தொடங்கியிருக்கும் புதியவர்:
வணக்கம் சார். பெரிய நிதி வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வந்திருக்கிறார். கிடைத்தால் 10 சதவீதம் தர வேண்டுமாம், இப்போதைக்குப் 'பதிவுக் கட்டணம்' மட்டும் கட்டச் சொல்கிறார். இது வழக்கம்தானா?

புரொபோசல் எழுதிக் கொடுப்பவர்:
கட்ட வேண்டாம் தம்பி. இந்தத் தொழிலில் இருப்பவர்களின் சங்கங்கள் சதவீதக் கமிஷன் வாங்குவதை நெறிமுறையிலேயே தடை செய்திருக்கின்றன. எழுதும் வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி வாங்குவதுதான் முறை. நானும் அப்படித்தான் வாங்குகிறேன். யோசித்துப் பாருங்கள், அந்த 10 சதவீதத்தைப் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் காட்டுவீர்கள்? வேறொரு தலைப்புக்குள் ஒளித்துத்தான் ஆக வேண்டும். கணக்கு பார்க்கும் தம்பி சொன்ன ஆடிட் அங்கேதான் வந்து நிற்கும். அந்த அறக்கட்டளையின் விதிமுறைத் தாளை நீங்களே வாங்கிப் படியுங்கள். புரியாத இடத்தில் அவர்கள் அலுவலகத்துக்கு நேரடியாகப் போன் செய்து கேளுங்கள்.

நூலகம் தொடங்கியிருக்கும் புதியவர்:
அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் சார். விதிமுறைத் தாளும் வந்துவிட்டது. பதிவு செய்து மூன்று வருடம் முடிந்திருக்க வேண்டுமாம், எங்களுக்கு ஒன்பது மாதம்தான் ஆகிறது. அதனால் இந்த முறை அங்கே விண்ணப்பிக்கவில்லை. வேறொரு இடத்துக்காகத் தயாரித்த பட்ஜெட்டை எடுத்துப் பார்த்தேன். அக்கா எழுதிய அதே பூஜ்யம் எங்கள் தாளிலும் இருக்கிறது. வாசகர் பதிவும் கணக்கும் எழுதும் அக்கா, தொடங்கிய நாளிலிருந்து ஒரு காசு வாங்கவில்லை. எவ்வளவு நேரம் ஆகிறது என்று நாங்கள் கேட்டதும் இல்லை. நாளை அவருடன் உட்கார்ந்து, மாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதி, அந்த வரியை நிரப்பப் போகிறோம்.