டயானாவா, லக்னோ நவாபின் படகா?

மயூர்விகார் மூர்த்தி:
நேற்று லட்சுமணன் சார் கங்கா விலாஸ் என்ற சொகுசுக் கப்பலின் படத்தைப் போட்டு, "கங்கையில் பயணிகள் கப்பல் ஓடுவது சரித்திரத்திலேயே இதுதான் முதல்முறை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து அசாமின் திப்ரூகருக்குக் கிளம்பியது. 51 நாள், 3,200 கி.மீ. சரி, பெரிய பயணம்தான். ஆனால் 1834லேயே கல்கத்தாவுக்கும் அலகாபாத்துக்கும் நடுவில் ஸ்டீமர் ஓடியிருக்கிறது. லார்டு வில்லியம் பென்டிங்க் என்ற இரும்புக் கப்பல். அதற்கும் முன்னால், 1823ல், கல்கத்தா கிதர்பூரில் டயானாவைக் கட்டி இறக்கிவிட்டார்கள். இந்தியாவின் முதல் நீராவிப் படகு அதுதான்.

லோதி காலனி லட்சுமணன்:
நான் எழுதியது சொகுசுப் பயணத்தைப் பற்றி. அது இருக்கட்டும். டயானா முதலாவது என்று அடித்துச் சொல்கிறீர்களே, 1819ல் லக்னோவில் நவாப் காசியுதீன் ஹைதருக்கு நீராவிப் படகு கட்டிக் கொடுத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? கோமதி ஆற்றில் ஓடியது. அந்தக் கோமதி கங்கையில்தான் வந்து சேருகிறது.

மயூர்விகார் மூர்த்தி:
நவாப் மாலைக்காற்று வாங்கக் கட்டிய படகெல்லாம் கணக்கில் வராது. டயானாவின் கதையே வேறு. அதன் இஞ்சினை முதலில் சீனாவின் கான்டனில் விற்கப் பார்த்தார்கள். விலைபோகவில்லை. அப்புறம் கல்கத்தாவுக்கு வந்து, அதைச் சுற்றிப் படகு கட்டினார்கள். 1824ல் பர்மா போருக்கே போனது. டயானாதான் முதல்.

ரங்கூன் பேரன்:
மூர்த்தி அண்ணா, டயானா பேர் வாங்கியது கங்கையில் இல்லை, எங்கள் பர்மாவின் ஐராவதி ஆற்றில். காற்றே இல்லாத நேரத்திலும் எதிர்நீரில் ஏறி வந்த கப்பலைப் பார்த்து பர்மியப் படை திகைத்துப் போனது. 1826ல் ஆங்கிலேயத் தூதர் கிராபர்டு அன்றைய பர்மியத் தலைநகர் ஆவாவுக்குப் போனதும் அதில்தான். ஆற்று ஸ்டீமர் என்றால் ஐராவதி பிளோட்டில்லா கம்பெனியைத்தான் பேச வேண்டும். 1865ல் ஆரம்பித்தது. 1920களில் 600 கலங்களுக்கு மேல். டெல்டாவில் செட்டியார் கடன் கொடுத்து விளைந்த நெல்லில் பெரும்பங்கு இறங்கியது அந்த ஆற்று வழியாகத்தான். 1942ல் ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று மந்தலேயில் கம்பெனிக்காரர்களே கப்பல்களை மூழ்கடித்தார்கள். எங்கள் தாத்தா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். கங்கையில் இப்படி ஒரு கதை உண்டா?

லோதி காலனி லட்சுமணன்:
நல்லது தம்பி. டயானா கங்கைக் கப்பலே இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மூர்த்தி சார் கவனிக்கவும்.

மயூர்விகார் மூர்த்தி:
எங்கே கட்டினார்கள்? கிதர்பூரில். கிதர்பூர் எந்தக் கரை? ஹூக்ளிக் கரை. ஹூக்ளியில் ஓடுவது யார் தண்ணீர்? கங்கைத் தண்ணீர். டயானா, 1823, கிதர்பூர். இதை எத்தனை தடவை எழுதினாலும் உங்களுக்கு ஏறாது. போன வருடப் பட்டிமன்றத்தில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது மைக்கைப் பிடுங்கினீர்கள். இங்கே அது நடக்காது.

லோதி காலனி லட்சுமணன்:
ஏழு நிமிடம் கொடுத்தோம், இருபது நிமிடம் பேசினீர்கள். 1819, சார்.

ஆர்.கே.புரம் ராஜி:
இரண்டு பேரும் வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அந்தக் கல்கத்தா-அலகாபாத் ஸ்டீமர் எப்படி ஓடியது என்று ஒருவராவது சொன்னீர்களா? பயணிகளுக்கும் சரக்குக்கும் 'பிளாட்' என்று தனிக்கலம், அதை ஸ்டீமர் இழுத்துக்கொண்டு போகும். கோடையில் ஹூக்ளியைக் கங்கையோடு சேர்க்கும் பாகீரதியில் தண்ணீர் வற்றிவிடும். அப்போது கல்கத்தாவிலிருந்து சுந்தரவனத்தைச் சுற்றிக்கொண்டுதான் கங்கைக்குள் ஏற முடியும். அப்படியும் அலகாபாத் போக மூன்று வாரம் போல ஆகும். நாட்டுப்படகு என்றால் மாதக்கணக்கு. ரயில் வந்ததும் எல்லாம் முடிந்தது.

மயூர்விகார் மூர்த்தி:
முடிந்தது என்று யார் சொன்னது? 1959ல் ராஜேந்திர பாலம் திறக்கும்வரை பீகாரின் மொகாமாவில் ஸ்டீமர்தான் ஆளையும் சரக்கையும் அக்கரை சேர்த்தது. பாட்னாவில் காந்தி பாலம் வந்ததே 1982ல். அதுவரை மகேந்துரு படித்துறையில் ஏறி அக்கரையில் பஹ்லேஜா படித்துறையில் இறங்கிய ஜனம் எத்தனை! அசாமுக்குக் கிழக்கு பாகிஸ்தான் வழியாகப் போன ஸ்டீமர் 1965 போரில்தான் நின்றது. இவ்வளவு பேரைச் சுமந்த ஆற்றில் 2023ல்தான் முதல் பயணிகள் கப்பல் என்று எழுதினால் கோபம் வராதா? இந்த வரலாறே டயானாவில்தான் தொடங்குகிறது.

ஆர்.கே.புரம் ராஜி:
நான் சொன்னது அலகாபாத் மார்க்கத்தை. நீங்கள் அக்கரைக்குப் போய்விட்டீர்கள்.

ரங்கூன் பேரன்:
ஐராவதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மயூர்விகார் மூர்த்தி:
தம்பி, ஐராவதிக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கேயும் வந்து டயானாவைப் பற்றித்தான் எழுதுவேன். ராஜி மேடம், அக்கரைக்குப் போனதும் ஸ்டீமர்தான். லட்சுமணன் சார் இன்னும் அந்த "முதல்முறை"யை நீக்கவில்லை. நீக்கும்வரை தினமும் எழுதுவேன். பென்டிங்க் கப்பலைப் பற்றி நாளை விரிவாக.

லோதி காலனி லட்சுமணன்:
நீக்க மாட்டேன். எழுதுங்கள். 1823க்கு முன்னால் 1819 வரும்.