மூன்று டக் பிடித்த பாவாடை

குழு: சிம்மக்கல் அப்பத்தா வீடு

*சனிக்கிழமை*

காலை 9.14
கவிதா: அப்பத்தா எனக்குக் கொடுத்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலையில் யாழினிக்குத் தீபாவளிக்குப் பாவாடை சட்டை தைக்கலாம் என்று இருக்கிறேன். நானே தைக்கப் போகிறேன். கத்தரி வைப்பதற்கு முன்னால் அப்பத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அம்மா, பக்கத்தில் இருந்தால் கேட்டுச் சொல்.

காலை 9.21
அம்மா: கேட்டேன். "பெட்டியில் கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிவதற்குப் பிள்ளை உடம்பில் கிழியட்டும்" என்கிறார்கள்.

காலை 9.22
கவிதா: ❤️

காலை 9.30
ராஜி அத்தை: நல்ல காரியம் கவிதா. ஆனால் போன வருஷம் கடையில் கொடுத்துத்தானே தைத்தாய்?

காலை 9.34
கவிதா: ஆமாம் அத்தை. ஆறே மாதத்தில் பாவாடை கணுக்காலுக்கு மேலே போய்விட்டது. கீழே பிரித்து விடலாம் என்று பார்த்தால் உள்ளே கால் இஞ்ச் துணிகூட இல்லை. சட்டையிலும் பக்கத் தையலை ஒட்டியே வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தார்கள். நல்ல துணி. அதில் இனி ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்குத்தான் மெஷினில் உட்காருவது என்று முடிவு செய்தேன்.

காலை 9.36
ராஜி அத்தை: அப்படியானால் பாவாடையில் டக் வை, அதாவது துணியைக் குறுக்கே மடித்துத் தைக்கிற மடிப்பு. எனக்கும் உன் அப்பாவின் அக்காமாருக்கும் அம்மா மூன்று டக் பிடித்துத்தான் தைப்பார். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்து விடுவார். ஐந்து வயதில் தைத்த பாவாடையை எட்டு வயதுவரை கட்டியிருக்கிறேன். அளவு அனுப்பு, கணக்குப் போட்டுத் தருகிறேன்.

காலை 9.41
கவிதா: இடுப்பு 22 இஞ்ச். இடுப்பிலிருந்து கணுக்கால் 26. சேலை அகலம் 45.

காலை 9.58
ராஜி அத்தை: சரி, கவனமாகக் கேள். ஒரு இஞ்ச் டக் என்றால் அது இரண்டு இஞ்ச் துணியைச் சாப்பிடும், இரண்டு பக்கமும் மடிகிறது அல்லவா. மூன்று டக்குக்கு 6 இஞ்ச். 26 கூட்டல் 6, மேலே பாடியோடு, அதாவது பாவாடையோடு சேர்த்துத் தைக்கிற மேல்பகுதியோடு, சேர்க்க 1. மொத்தம் 33. சேலையின் கரை பாவாடையின் கீழே வரும்படி அகலவாக்கில் வெட்டு. கரை இருப்பதால் கீழே ஓரம் மடித்து அடிக்க வேண்டியதே இல்லை. மேலே 12 இஞ்ச் மிஞ்சும், அதில் இன்னொரு கரையும் இருக்கும். அதைச் சட்டையின் கை ஓரத்துக்கு வைத்துக்கொள். சுற்றளவு இடுப்பைப் போல மூன்று மடங்கு, 66 இஞ்ச் போதும். டக்கைக் கரைக்கு மேலே இரண்டு இஞ்ச் விட்டு ஆரம்பி, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இடைவெளி விடு.

காலை 10.00
ராஜி அத்தை: இன்னொன்று. டக்குக்கு மட்டும் தையலைப் பெரிதாக வை. பொடித் தையலாகப் போட்டால் பிரிக்கும்போது பழைய துணி தையலோடு கிழிந்து வரும்.

காலை 10.04
கவிதா: ஒரு டக் பிரித்தால் எவ்வளவு நாள் தாங்கும் அத்தை?

காலை 10.09
ராஜி அத்தை: இந்த வயதில் பிள்ளை வருஷத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளரும். அதில் பாதிக்கு மேல் காலில்தான். ஒரு டக் பிரித்தால் இரண்டு இஞ்ச் இறங்கும். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வரும்.

காலை 10.12
அம்மா: ராஜி, பிரித்த இடத்தில் கோடு தெரியுமே? மடிப்புக்குள் இருந்த துணி புதுசு போல இருக்கும், வெளியே வெளுத்திருக்கும்.

காலை 10.20
ராஜி அத்தை: தெரியும் மதினி. அதைக் குறைக்கத்தான் அம்மா பாவாடையை உள்பக்கம் வெளியே திருப்பி நிழலில் காயப்போடுவார். அப்படியும் தெரிந்தால் அந்தக் கோட்டின் மேல் மெல்லிய லேஸ் ஒன்று ஓட்டிவிடலாம். என் பாவாடையில் மூன்று வரி லேஸ் இருந்தது. மூன்று வருஷத்துக் கணக்கு அது.

காலை 10.31
பெரியப்பா: கவிதா, வெட்டுவதற்கு முன்னால் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். கொசுவம் வந்த இடமும் கால் பட்ட இடமும் நைந்திருக்கும். அங்கே சட்டை வெட்டாதே. சட்டையில் கைக்குழியில்தான் இழுவை அதிகம். முந்தானைக்கு அடுத்த பகுதி கெட்டியாக இருக்கும், அதில் வெட்டு.

காலை 10.33
கவிதா: சரி பெரியப்பா. சேலையை உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா?

காலை 10.40
பெரியப்பா: பத்துப் பதினைந்து வருஷம் துவைத்த சேலை, சுருங்க வேண்டியது எல்லாம் சுருங்கிவிட்டது. நீ ஊறவைக்க வேண்டியது புது லைனிங் துணியை. அதை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுக் காயவைத்து இஸ்திரி போட்டுவிட்டு வெட்டு. இல்லாவிட்டால் முதல் துவைப்பில் லைனிங் மட்டும் சுருங்கி, சட்டை முன்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

*ஞாயிற்றுக்கிழமை*

மாலை 4.05
கவிதா: (படம்) வெட்டிவிட்டேன். கை நடுங்கியது.

மாலை 4.07
அம்மா: அந்தப் புள்ளிகளைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. அப்பத்தா பார்க்க வேண்டுமாம்.

மாலை 4.10
கவிதா: (படம்)

மாலை 4.24
அம்மா: (அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறேன்) "இது கையால் முடிச்சுப் போட்ட சுங்குடி. ஒரு புள்ளியைப் போல இன்னொரு புள்ளி இருக்காது பார். நூலால் துணியைக் கிள்ளிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, அதுதான் புள்ளி. எங்கள் தெருவில் சௌராஷ்டிர வீடுகளில் பெண்கள் திண்ணையில் பேசிக்கொண்டே கட்டுவார்கள், விரல் மட்டும் நிற்காது."

மாலை 4.30
பிரபு: மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது அப்பத்தா. ஆனால் இப்போது கடையில் இருப்பதில் பெரும்பாலும் அச்சுப் புள்ளிதான். முடிச்சுப் போட்டது தேடித்தான் வாங்க வேண்டும். அக்கா, ஒரு துண்டுகூடத் தூக்கிப் போடாதே.

மாலை 4.32
கவிதா: ஒரு விரலகலத் துண்டுகூடப் போடவில்லை பிரபு.

இரவு 8.47
கவிதா: பெரியப்பா, மெஷின் படுத்துகிறது. மேலே தையல் நன்றாக இருக்கிறது, துணியைத் திருப்பினால் கீழே நூல் கூடு கட்டியிருக்கிறது. பாபினை நான்கு முறை மாற்றிவிட்டேன்.

இரவு 8.52
பெரியப்பா: கீழே சிக்கினால் எல்லோரும் பாபினைத்தான் குடைவார்கள். கோளாறு பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். நூல் கோர்க்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்தாயா? பாதம் இறங்கியிருந்தால் நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் நடுவே போய் உட்காராது. முழுவதும் உருவிவிட்டு, பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து கோர்.

இரவு 8.54
பெரியப்பா: ஊசியையும் பார். ஒரு பக்கம் நீளமாகப் பள்ளம் ஓடும். நூல் எந்தப் பக்கத்திலிருந்து ஊசிக்குள் நுழைகிறதோ அந்தப் பக்கம் பள்ளம் இருக்க வேண்டும். நம்பர் என்ன?

இரவு 8.55
கவிதா: 16.

இரவு 8.56
பெரியப்பா: அது ஜீன்ஸ் தைக்கிற ஊசி அம்மா. நைந்த பருத்திக்கு 11 போடு. 16 குத்தின ஓட்டை வழியாகவே துணி பிரியும்.

இரவு 9.20
கவிதா: சரியாகிவிட்டது பெரியப்பா. பாதம்தான். ஊசியும் மாற்றிவிட்டேன். முத்து முத்தாகத் தையல் விழுகிறது.

இரவு 9.24
பிரபு: அக்கா, அடுத்து யாழினிக்கு உள்ளே போட பனியன் துணி அனுப்புகிறேன். அதற்கு முனை உருண்ட ஊசி தனியாக வாங்கு. கூர் ஊசி போட்டால் தையல் விட்டு விட்டு விழும், கண்ணியும் அறுந்து ஓடும். திருப்பூரில் நாங்கள் முதலில் கற்றுக்கொள்வதே இதைத்தான்.

*புதன்கிழமை*

காலை 11.15
ராஜி அத்தை: லேஸும் ஊக்கும் வாங்கப் போயிருந்தேன், உனக்கும் சேர்த்து வாங்கிவிட்டேன் கவிதா. சின்ன வயதில் இதற்கெல்லாம் அம்மா என்னைப் புதுமண்டபத்துக்குக் கூட்டிப் போவார். கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, கல் தூண்களுக்கு நடுவில் வரிசையாக மெஷின் ஓடும். சிலைக்குப் பக்கத்தில் ஒருவர் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்கு அதுதான் நல்லது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் காதில் மெஷின் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கிறது.

காலை 11.40
கவிதா: நன்றி அத்தை. இடுப்புச் சுருக்கம் ஒரே சீராக வரவில்லை. ஒரு பக்கம் கூடுகிறது.

காலை 11.46
ராஜி அத்தை: பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டு, கால் இஞ்ச் இடைவெளியில். கீழ் நூல்கள் இரண்டையும் சேர்த்து இழு. அதற்கு முன் பாவாடையையும் பாடியையும் நான்காக மடித்துச் சாக்பீஸால் குறி போட்டு, குறிக்குக் குறி ஊசி குத்து. கால் பாகம் கால் பாகமாகச் சுருக்கினால் கூடாது குறையாது.

காலை 11.50
ராஜி அத்தை: பாடிக்குப் பக்கத் தையலில் பிறகு பிரித்து விட முக்கால் இஞ்ச் துணி பிடி விடு. மறக்காதே. அப்புறம், நான்கு விரல் அகலத் துண்டு ஒன்றை இடுப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைத்துவிடு.

காலை 11.51
கவிதா: அது எதற்கு அத்தை?

காலை 11.55
ராஜி அத்தை: ஒட்டுப் போட. பாவாடையோடு சேர்ந்து அதுவும் துவைபடும், கூடவே நிறமும் மங்கும். முழங்காலில் கிழிந்தால் அதை எடுத்து வைத்துத் தைக்கலாம், ஒட்டு எடுத்துத் தெரியாது. பீரோவில் வைத்த துண்டு பளிச்சென்று தனியாகத் தெரியும்.

*தீபாவளிக்கு மறுநாள்*

காலை 8.30
கவிதா: (படம்) (படம்) யாழினி நேற்று ராத்திரி தூங்கும்போதும் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். மூன்று டக்கையும் தொட்டுத் தொட்டு, "இது ஏழு வயசு, இது எட்டு, இது ஒன்பது" என்று எண்ணுகிறாள். மிச்சத் துணியில் அவளுக்குத் தலைமுடிக்கு இரண்டு துணி ரப்பர், அப்பத்தாவுக்கு ஒரு சுருக்குப் பை. பையைத் தபாலில் போட்டிருக்கிறேன்.

*வெள்ளிக்கிழமை*

மதியம் 1.10
அம்மா: (படம்) பை வந்துவிட்டது. வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாம் இடம் மாறியாயிற்று. இரண்டு பக்கமும் நாடாவை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். உள்தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிசிறு இல்லாமல் மடித்து அடித்திருக்கிறாள்" என்றார்கள்.

மதியம் 1.12
ராஜி அத்தை: அம்மா உள்பக்கம் பார்த்துச் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும் கவிதா!

மதியம் 1.15
அம்மா: இன்னொன்றும் சொல்கிறார்கள். முதல் டக்கை நீ பிரிக்கக் கூடாதாம். ஊருக்குக் கொண்டு வர வேண்டுமாம், தானே நூலை உருவுவார்களாம்.

மதியம் 1.19
கவிதா: சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வருகிறேன் அப்பத்தா. அத்தை, அந்த லேஸில் ஒன்றே முக்கால் மீட்டர் தனியாக எடுத்து வையுங்கள். பிரித்த கோட்டுக்குப் பாவாடையைச் சுற்ற அவ்வளவு வேண்டும், கொஞ்சம் கூடவே வைத்துவிடுங்கள்.

மதியம் 1.21
ராஜி அத்தை: இரண்டு மீட்டராக வைத்துவிட்டேன்.