அப்பாவோட பழைய கம்ப்யூட்டர்: முதல்ல தூசியா, காப்பியா?

காவேரிக்கரை:

வணக்கம். கும்பகோணத்துலேருந்து எழுதறேன். அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார், வயசு 76. 2013ல அசெம்பிள் பண்ணி வாங்கின டெஸ்க்டாப் வச்சிருக்கார். மூணாவது தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7. சுத்துப்பட்டு கிராமங்கள்ல பாட்டிமார் பாடற நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரியை எல்லாம் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டு வருவார். ராத்திரி உட்கார்ந்து டைப் பண்ணுவார். பத்து வருஷ வேலை. பாடினவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லை. நோட்டுகளைக் கரையான் தின்னாச்சு. மிச்சம் இருக்கிறது இந்தப் பெட்டிக்குள்ள மட்டும்தான்.

இப்ப ஆன் பண்ணினா ஃபேன் சத்தம் மாவு மில் மாதிரி கேக்குது. இருபது நிமிஷத்துல தானா ஆஃப் ஆயிடுது. ஒவ்வொரு தடவையும் தேதி 2012 ஜனவரி 1ன்னு காட்டுது. ஒரு வாரமா ஆரம்பிக்கும்போது உள்ளேருந்து டக்... டக்...னு ஒரு சத்தம் வேற. உள்ளூர்க் கடையில கேட்டேன், "விட்டுட்டுப் போங்க, ஃபார்மேட் பண்ணி எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுத் தர்றோம்"னாங்க. உள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் என்ன ஆகும்னு கேட்டதுக்குத் தெளிவா பதில் வரலை. விட்டுட்டு வர மனசு வரலை.

வீட்டுல வேக்குவம் கிளீனர் இருக்கு. ஞாயித்துக்கிழமை நானே திறந்து சுத்தம் பண்ணலாமா? என்கிட்ட ஒரு லேப்டாப் இருக்கு.

திருச்சி_நெட்வொர்க்:

அக்கா, பழைய மெஷின்னா இப்படித்தான் ஆகும். பிளோயர் வச்சு நல்லா அடிங்க. அப்புறம் தற்காலிக டெம்ப் ஃபைல் எல்லாம் அழிச்சுட்டு, சிதறிக் கிடக்கிற ஃபைலை ஒழுங்கா அடுக்குற டிஃப்ராக் ஒரு தடவை, டிஸ்க்குல தப்பு தேடித் திருத்துற செக் டிஸ்க் ஒரு தடவை ஓட்டுங்க. வேகம் வந்துடும். முடிஞ்சா விண்டோஸ் 10 போட்டுடுங்க.

முத்துநகர்_சர்வீஸ்:

அம்மா, இதைப் படிச்ச உடனே அந்த மெஷினை ஆஃப் பண்ணி பிளக்கைப் பிடுங்கிருங்க. மறுபடி ஆன் பண்ணாதீங்க. திருச்சித் தம்பி நல்ல எண்ணத்துலதான் சொல்லியிருக்கார், ஆனா டிஃப்ராக்கும் செக் டிஸ்க்கும் இப்ப வேண்டவே வேண்டாம்.

தூத்துக்குடியில 22 வருஷமா சர்வீஸ் பார்க்குதேன். டக் டக்னு கேக்குறது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான். உள்ள ஒரு தட்டு சுத்துது, அதுக்கு மேல மயிரிழை இடைவெளியில அதைப் படிக்கிற ஒரு ஹெட் போய் வருது. படிக்க வேண்டிய இடத்தைப் பிடிக்க முடியாம ஹெட் திரும்பத் திரும்ப மூலைக்கு வந்து முட்டுற சத்தம் அது. டிஃப்ராக் பண்ணா அந்த ஹெட் டிஸ்க்கோட மூலை முடுக்கெல்லாம் மணிக்கணக்கா ஓடணும். காலு ஒடிஞ்சவனை ஓடச் சொல்லுற மாதிரி. செக் டிஸ்க் இன்னும் மோசம், படிக்க முடியாத இடத்துல இருக்கிற ஃபைலைத் துண்டு துண்டா வெட்டி ஒதுக்கிரும்.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, 2011ல ஒரு ஸ்டுடியோக்காரர் இதே சத்தத்தோட ஒரு டிஸ்க் கொண்டு வந்தார். நான் செக் டிஸ்க் போட்டுட்டு ராத்திரி வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா, மெஷின் ஆரம்பிக்கும்போது வர்ற பயாஸ் திரையிலயே அந்த டிஸ்க் தெரியலை. நாலு கல்யாணத்துப் படம் அதுல இருந்தது. அந்தக் குடும்பங்கள்கிட்ட அவர் போய்ச் சொன்னப்ப நானும் கூடப் போனேன். அன்னையிலிருந்து எந்த மெஷின் வந்தாலும் முதல்ல காப்பி. தூசி, வேகம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். டிஸ்க்கைக் கழட்டி உங்க லேப்டாப்புல மாட்டணும். கடையில சாட்டா டு யுஎஸ்பி அடாப்டர்னு கேளுங்க. தனியா கரண்ட் அடாப்டரோட வருதான்னு பார்த்து வாங்குங்க. டெஸ்க்டாப் டிஸ்க் மூணரை இன்ச், அதுக்கு 12 வோல்ட் வேணும், யுஎஸ்பி போர்ட் 5 வோல்ட்தான் தரும். வெறும் வயர் மட்டும் வாங்கினா டிஸ்க் சுத்தாது, நீங்க டிஸ்க் போச்சுன்னு பயந்துருவீங்க. கழட்டுறது கஷ்டமில்லை, பக்கவாட்டுல நாலு ஸ்க்ரூ, பின்னாடி ரெண்டு வயர். மேஜையில ஒரு துண்டை மடிச்சுப் போட்டு அதுமேல படுக்க வைங்க. சுத்திக்கிட்டு இருக்கும்போது கையில எடுக்கவோ நகட்டவோ கூடாது.

லேப்டாப்புல மாட்டினதும் "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்"னு ஒரு பெட்டி வரலாம். வேண்டாம்னு மூடிருங்க. மொத்த டிரைவையும் இழுத்துப் போடாதீங்க. அப்பா டைப் பண்ணின ஃபோல்டர் முதல்ல. அது டி டிரைவ்லதான் இருக்குன்னு சொல்லுவாங்க, ஆனா பாதி ஃபைல் டெஸ்க்டாப்புலயும் மை டாக்குமென்ட்ஸ்லயும் கிடக்கும். அது ரெண்டும் சி டிரைவ்ல, யூசர்ஸ் ஃபோல்டருக்குள்ள அப்பா பேருல இருக்கும். அதுக்கு அடுத்தது குரல் பதிவு, போட்டோ. சினிமா, சாஃப்ட்வேர் எல்லாம் போனாப் போகட்டும். ஒரு ஃபைல்ல சிக்கி நின்னா அதை "ஸ்கிப்" பண்ணிட்டு அடுத்ததுக்குப் போங்க.

டிஸ்க் தெரியவே இல்லை, சத்தம் மட்டும் விடாம வருதுன்னா அங்கேயே நிறுத்திருங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்லுவாங்க, தட்டச் சொல்லுவாங்க, எதுவும் செய்யாதீங்க. டேட்டா ரெக்கவரிக்குன்னே தூசியில்லாத அறை வச்சிருக்கிற இடத்துக்குத்தான் அது போகணும். சாதாரணக் கடையில மூடியைத் திறக்க விடவே விடாதீங்க.

காப்பி முடிஞ்சதும் சொல்லுங்க. சுத்தம் பண்ணுறதை அப்புறம் பேசலாம்.

எழுத்துரு_மாலா:

முத்துநகர் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. அப்பா எந்த ஃபாண்ட்ல டைப் பண்ணினார்? பாமினியா, வானவில்லா, வேற எதாவதா? நான் 18 வருஷம் டிடிபி (அச்சுக்குப் பக்கம் அமைக்கிற வேலை) பண்ணினவ. பழைய தமிழ் ஃபாண்ட்ல அடிச்ச ஃபைலுக்குள்ள தமிழ் எழுத்தே கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், அந்த ஃபாண்ட் மேல இருக்கிறதால நமக்குத் தமிழாத் தெரியுது. ஃபைலை மட்டும் காப்பி பண்ணிட்டு ஃபாண்ட்டை விட்டுட்டா, புது மெஷின்ல "அம்மா"ங்கிற இடத்துல அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து வந்து நிக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அழிச்சவங்களைப் பார்த்திருக்கேன்.

அதனால சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்க. சின்னதுதான். அப்புறம் நிதானமா ஒவ்வொரு ஃபைலையும் பிடிஎஃப் ஆக்கிடுங்க, ஃபாண்ட் அதுக்குள்ளயே உட்கார்ந்துடும். எந்த மெஷின்லயும் தமிழாவே தெரியற யூனிகோடுக்கு மாத்த இணையத்துல இலவச மாற்றிகள் இருக்கு. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடை ஏத்துக்கிச்சு, ஆனா அதுக்கு அப்புறமும் பழக்கம் விடாம பழைய ஃபாண்ட்ல அடிச்சவங்கதான் அதிகம். மாத்தினாலும் மூலத்தை அழிக்காதீங்க. வட்டார வழக்கு நிறைய வர்ற பாட்டுல ஒத்தும் கொம்பும் இடம் மாறினா அர்த்தமே மாறிடும், ஒப்பிட்டுப் பார்க்க மூலம் வேணும்.

காவேரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. அடாப்டர் தஞ்சாவூர்ல கிடைச்சது. நேத்து சாயங்காலம் உட்கார்ந்தேன். அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த ஃபோல்டர் முதல்லன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். "ஒப்பாரி"ங்கிற ஃபோல்டரைத்தான் முதல்ல கேட்டார். பாட்டு ஃபைல் எல்லாம் வந்துடுச்சு, மூணே மூணு மட்டும் சிக்கி நின்னுது, விட்டுட்டேன். அண்ணா சொன்ன மாதிரியே 40க்கு மேல டெஸ்க்டாப்புல கிடந்தது! டி டிரைவ்ல செல்போன்ல பதிவு பண்ணின குரல் 61 இருந்தது. அது இருக்கிறதே எனக்குத் தெரியாது. ஃபாண்ட் வானவில்தான், அதையும் எடுத்துட்டேன். மாலா அக்கா, நீங்க சொல்லலைன்னா அதை விட்டிருப்பேன்.

இப்ப எல்லாம் லேப்டாப்புல இருக்கு. இனி பெட்டியைத் திறந்து சுத்தம் பண்ணலாமா? காப்பியை எங்க வைக்கிறது? கூகுள் டிரைவ் போதுமா?

முத்துநகர்_சர்வீஸ்:

மனசுக்கு நிம்மதியா இருக்கும்மா. லேப்டாப்புல மட்டும் இருக்குன்னா இன்னும் பழைய நிலைமைதான், பெட்டி மாறியிருக்கு அவ்வளவுதான். பீட்டர் க்ரோக்னு ஒரு புகைப்படக்காரர் சொன்ன கணக்கு உண்டு, 3-2-1ன்னு சொல்லுவாங்க. மொத்தம் மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனத்துல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியில. உங்களுக்கு லேப்டாப் ஒண்ணு. ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்குங்க, ரெண்டு. மூணாவது கூகுள் டிரைவ், 15 ஜிபி இலவசம், டைப் பண்ணினதுக்குத் தாராளம். ஆனா லேப்டாப்போட சிங்க் ஆகுற ஃபோல்டர்ல போடாதீங்க, இங்க அழிஞ்சா அங்கயும் அழியும், குப்பைத்தொட்டியில 30 நாள்தான் இருக்கும். பிரவுசர் வழியா தனியா ஏத்துங்க.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் கழட்டி பீரோவுல வைக்கணும். 2017 மே மாசம் வானாகிரைனு ஒரு ரேன்சம்வேர், ஃபைலைப் பூட்டிட்டுக் காசு கேக்குற வைரஸ், வந்ததே, அதுல மாட்டினதுல பெரும்பாலானது விண்டோஸ் 7 மெஷின். அதை அடைக்கிற அப்டேட் மார்ச்லயே வந்திருந்தது, போடாதவங்க மாட்டிக்கிட்டாங்க. மெஷின்ல செருகியே இருந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிருச்சு.

காப்பி எடுத்ததைத் திறந்து பார்க்கிறதும் முக்கியம். வேற ஒரு கம்ப்யூட்டர்ல மாட்டி, பத்துப் பாட்டு, பத்துக் குரல் பதிவு திறந்து கடைசி வரைக்கும் கேளுங்க. ஃபைல் பேரு மட்டும் வந்து உள்ள ஒண்ணுமே இல்லாம இருக்கிறதும் நடக்கும்.

இனி தூசி. வேக்குவம் கிளீனர் வேண்டாம், அதோட பிளாஸ்டிக் மூக்குல நிலைமின்சாரம் சேரும், போர்டுல இருக்கிற ஒரு சின்னச் சிப்பைக் கொல்ல அது போதும். புது பெயின்ட் பிரஷ் ஒரு இன்ச்ல ஒண்ணு வாங்குங்க. பிளக்கைப் பிடுங்கிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்க, மிச்சக் கரண்ட் போயிரும். பெட்டியோட பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுட்டு, மொட்டை மாடியில வச்சு வேலை செய்யுங்க.

நடுவுல இருக்கிற ஃபேனைக் கவனிங்க. இறக்கையில இருக்கிற தூசி பெரிசில்லை. அதுக்குக் கீழ அலுமினியத் தகடு அடுக்கடுக்கா இருக்கும், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கிட்டு இருக்கும். விரலால பிடிச்சா அப்படியே ஒரு துண்டா உரிஞ்சு வரும். காத்து போக வழியில்லாம பிராசசர் சூடாகி, தன்னைக் காப்பாத்திக்கத்தான் இருபது நிமிஷத்துல அணையுது. பிளோயர் அடிக்கிறதா இருந்தா ஃபேனை விரலால அமுக்கிப் பிடிச்சுக்கங்க, வேகமாச் சுத்த விட்டா பேரிங் போயிரும். தூசி எடுத்தும் சூடு குறையலைன்னா, பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவுல பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பாயிருக்கும். அதைப் பழகின ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு மாத்துங்க.

மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ள கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். வெளியிலிருந்து பிரஷ் போட்டாப் போதும்.

தேதி பிரச்சினைக்கு போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரிதான் காரணம், சிஆர்2032ன்னு கேட்டா கைக்கடிகாரக் கடையிலயே கிடைக்கும். கூட்டல் குறி மேல வரணும். தேதி தப்பா இருந்தா பாதி இணையதளம் திறக்காது, அதுவும் இதோட சரியாயிரும்.

எஸ்எஸ்டி போடுங்க, அது நல்ல யோசனைதான். ஆனா விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட, 10க்கு 2025 அக்டோபரோட வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்னாச்சு. அந்த ஐ3 விண்டோஸ் 11ஐ ஏத்துக்காது. விண்டோஸுக்குப் பதிலா இலவசமாக் கிடைக்கிற லினக்ஸ் மின்ட் போடலாம், இல்ல இணையமே கொடுக்காம அப்பா டைப் பண்ண மட்டும் பழையபடி வச்சுக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, 76 வயசுல புது திரையைப் பழகச் சொல்ல வேண்டாம்.

பழைய டிஸ்க்கை யார் கேட்டாலும் கொடுக்காதீங்க, ஃபார்மேட்டும் பண்ணாதீங்க. அந்த மூணு ஃபைல் இன்னும் அதுக்குள்ள இருக்கு. தேதி எழுதின பேப்பரை ஒட்டிக் காத்துப் படாம மூடி வைங்க. அந்த மூணு பாட்டோட பேரை அப்பாகிட்ட காட்டினீங்களா? 61 குரல் பதிவுல அதுவும் இருக்கான்னு அவரையே கேக்கச் சொல்லுங்க.

காவேரிக்கரை:

காட்டினேன் அண்ணா. ரெண்டு இருக்கு. மூணாவது பாட்டை அப்பா இப்ப வாயால சொல்லிக்கிட்டு இருக்கார், நான் லேப்டாப்புல டைப் பண்றேன். யூனிகோடுல.