ரோபோ மேல் கேமரா மாட்டலாமா? வெக்ஸ் போட்டிக்குப் போகிறவர்கள் சொல்லுங்கள்

சிப்புட்_பயிற்றுநர்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஆறு பேருக்கு ரோபோட்டிக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். நாலு பேர் தோட்டத்துப் பிள்ளைகள். எங்களிடம் இருப்பது வெக்ஸ் வி5 ரோபோ (பிள்ளைகளே பாகங்களைக் கோர்த்துச் செய்து வெக்ஸ் போட்டியில் ஓட்டுவது) ஒன்றே ஒன்று. முழுத் திடலும் கிடையாது, கோயில் மண்டபத்தில் நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாதித் திடலை விரித்துத்தான் பயிற்சி, அதனால் முழு ஆட்டம் எப்படி இருக்கும் என்பதே போட்டி நாளன்றுதான் தெரிகிறது.

போன போட்டியில் ஐந்து ஆட்டம் ஆடினோம், மூன்றில் பொருளை உள்ளே இழுக்கும் பகுதி பாதியில் நின்றுவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஓர் அம்மா கூட்டத்திலிருந்து கைத்தொலைபேசியில் எடுத்த படத்தில் ரோபோவின் முதுகுதான் தெரிகிறது.

இப்போது ஒரு மாணவியின் அண்ணன் மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்த பழைய கோப்ரோ கேமராவைக் கொடுத்திருக்கிறார். அதை ரோபோவில் கட்டிக்கொண்டு ஆடினால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்களா? வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் கேமராவே கூடாது என்றார். எங்கள் பையன் ஒருவன், படம் நேராகத் தொலைபேசிக்கு வந்தால் பார்த்துக்கொண்டே ஓட்டலாமே என்று கேட்கிறான். இரண்டுக்கும் பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்க்ரூ_டிரைவர்_தம்பி

சார், நான் சில வருடமாகப் போட்டிகளில் ரோபோ பரிசோதிக்கும் தொண்டூழியராகப் போகிறேன். கேமராவே கூடாது என்பது தவறு. வெக்ஸ் வி5 விதிப்புத்தகம் சிறிய கேமராவை அலங்காரப் பொருள் கணக்கில் அனுமதிக்கிறது, ஆனால் அதிலிருந்து எந்த அலைபரப்பும் வெளியே போகக்கூடாது. வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்திருக்க வேண்டும். உங்கள் பையன் கேட்டது இதில்தான் அடிபட்டுப் போகிறது, படம் தொலைபேசிக்கு வரவே கூடாது, ஆட்டம் முடிந்தபின் கேமராவின் நினைவக அட்டையைக் கழற்றிப் பார்ப்பதற்கு மட்டும்தான். அவன் ஆசை நியாயமானதுதான், அவனிடம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ரோபோவும் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசிக்கொள்கின்றன, அதே அலைவரிசையில் கேமராவும் கத்த ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்கும் மற்றப் பிள்ளைகளின் ரோபோவும் சேர்ந்து கெடலாம்.

அப்புறம் இன்னும் சில. கேமரா அதன் சொந்த பேட்டரியில் ஓட வேண்டும், ரோபோவை இயக்கும் கணினிப் பெட்டியான பிரெய்னிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். ரோபோ எதையாவது கண்டுபிடிக்க அது உதவக்கூடாது, உதவினால் அது அலங்காரம் இல்லை. எடை சேர்ப்பதற்காகப் பெரிய கேமராவை வைப்பதும் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது. ஆட்டம் தொடங்கும்போது ரோபோவின் அளவு ஒவ்வொரு பக்கமும் 18 அங்குலம் வரைதான், கேமராவும் அதற்குள் அடங்க வேண்டும். இதை நிறையப் பேர் மறந்துவிட்டு அளவுப் பெட்டிக்கு முன்னால் நின்று அவசர அவசரமாகக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். விதி எண்ணும் சொற்களும் ஒவ்வொரு பருவமும் மாறும், அதனால் இந்தப் பருவத்துப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை மேசையில் கேட்பதற்கு முன்னால் நீங்களே கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைப்பு எல்லாம் அணைந்திருப்பதைக் காட்டிவிடுங்கள்.

குளுவாங்_டீச்சர்

கட்டாயம் மாட்டுங்கள் சார். எங்கள் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி உள்ளிழுக்கும் பகுதியின் செயின் நின்றுபோகும், மோட்டார் சூடு என்று நினைத்து இரண்டு மோட்டார் மாற்றினோம். கேமரா மாட்டிய முதல் நாளே உண்மை தெரிந்தது. நொடிக்கு 60 படம் என்று வைத்து எடுத்ததை ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம். எதிர் ரோபோ பக்கவாட்டில் இடிக்கிறது, இடித்ததும் ஷாஃப்ட் காலர் (சக்கரம் நகராமல் கம்பியில் பிடித்து வைக்கும் வளையம்) தளர்ந்து, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் கம்பியில் ஒரு நூல் அளவு நகர்கிறது, அடுத்த சுற்றில் செயினின் ஒரு கண்ணி பல்லின் மேல் ஏறி நிற்கிறது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. காலர் திருகை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இறுக்குவது என்று முடிவு செய்தோம், ஆலன் சாவியைக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொண்டே ஒரு பெண் சுற்றினாள், அன்று மாலைவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். நாங்கள் முதலில் முன்பக்கம் பார்க்க வைத்தோம், திடலும் எதிராளியும்தான் தெரிந்தது, எங்கள் கோளாறு தெரியவில்லை. பிறகு பின் கோபுரத்தின் மேலே வைத்துக் கீழே சாய்த்தோம். வெக்ஸ் தகட்டை வளைத்து ஒரு தொட்டில் மாதிரி செய்து, மூன்று கேபிள் டை போட்டு இறுக்கினோம், வால்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் செயினில் சிக்கும். ஒரே ஒரு கேபிள் டை மட்டும் போட்டு வைக்காதீர்கள், ஓர் இடியில் கேமரா திடலுக்குள் விழுந்தால் அது உங்கள் ஆட்டத்தை மட்டும் கெடுக்காது.

ஆட்டம் 2 நிமிடம்தான், அட்டையில் இடம் பிரச்சினை இல்லை. வரிசையில் காத்திருக்கும் நேரம்தான் பேட்டரியைத் தின்னும், அதனால் திடலில் ரோபோவை வைக்கும்போது பதிவைத் தொடங்க ஒரு பிள்ளையை நியமித்துவிடுங்கள்.

ஈப்போ_முன்னாள்_மாணவன்

வேறு போட்டிகளுக்கும் போகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், வெக்ஸ் விதியை அப்படியே எல்லா இடத்துக்கும் கொண்டு போகாதீர்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற இன்னொரு மாணவர் போட்டியில் யூஎஸ்பி வெப்கேமராவை ரோபோவின் கண்ணாகவே பயன்படுத்தலாம், திடலில் ஒட்டியிருக்கும் ஏப்ரில்டேக் சதுரங்களை (கியூஆர் குறி மாதிரி, ரோபோ தன் இடத்தை அறிய உதவுபவை) அதுதான் படிக்கிறது. கோப்ரோ மாதிரி பதிவுக் கேமராவுக்கு அங்கேயும் வெக்ஸ் போலத்தான், வயர்லெஸ் அணைத்து, பிறகு பார்ப்பதற்கு மட்டும். பெரிய ரோபோக்கள் ஆடும் ஃபர்ஸ்ட் ரோபோட்டிக்ஸ் காம்பெட்டிஷனில் ஓட்டுநருக்கு நேரடிப் படமே போகலாம், ஆனால் போட்டிக்காரர்கள் அனுமதித்த ரேடியோ வழியாக மட்டும், அதற்கும் நொடிக்கு இவ்வளவு தரவுதான் என்ற உச்சவரம்பு உண்டு. நேரடிப் படம் கேட்ட உங்கள் பையனிடம் சொல்லுங்கள், அவன் கேட்டது கிறுக்குத்தனம் இல்லை, அது இன்னொரு போட்டியில் தினமும் நடக்கிறது.

வோர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவுக்குப் போனால் ரோபோவின் தொடக்க அளவு ஒரு பக்கம் 25 சென்டிமீட்டர்தான். அங்கே கேமரா கட்ட இடம் தேடுவதைவிடத் திடலுக்கு மேலே தொலைபேசியைத் தாங்கியில் வைத்துப் பயிற்சியைப் படம் எடுப்பது நல்லது.

சிப்புட்_பயிற்றுநர்

எல்லோருக்கும் நன்றி. விதிப் பக்கத்தை அச்செடுத்துவிட்டேன். நேற்று மாலை டீச்சர் சொன்ன மாதிரி பின்னால் உயரத்தில் தொட்டில் கட்டி மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தோம். எங்களுடையது செயின் இல்லை! உள்ளிழுக்கும் உருளையில் மாட்டிய ரப்பர் வளையம் ஒன்று வெடிப்பு விட்டு, பொருள் உள்ளே வரும்போது பிரிந்து அச்சில் சுற்றிக்கொள்கிறது, பிறகு அதுவாகவே அவிழ்ந்துவிடுகிறது, அதனால்தான் ஆட்டம் முடிந்து தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. படத்தை நிறுத்திக் காட்டியதும் நேரடிப் படம் கேட்ட எங்கள் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான். அதை இப்போது கேட்பதில்லை, நொடிக்கு 120 படம் வைக்கலாமா என்று கேட்கிறான். ஞாயிறு காலை பசியாறிவிட்டு வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றப் போகிறோம்.