தஞ்சாவூர்–திருச்சி சாலை: சுங்கச்சாவடியின் இடம் எப்படி முடிவாகிறது?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். ஊரையொட்டிய சுங்கச்சாவடிக்கு எந்த விதியின்படி இடம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஐயா, 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால்தான் சாவடி அமைய வேண்டும், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிவுசெய்தால் 5 கிலோமீட்டர் வரை நெருங்கலாம் என்பதும், முதன்மையாக நகரவாசிகளுக்கென்றே போடப்பட்ட புறவழிச்சாலையாயின் எல்லைக்குள்ளேயே அமைக்கலாம் என்பதும் விதிவிலக்குகள். புறநகர்ச் சாலைகளில் எழும் சச்சரவுகளுக்கு இவ்விலக்குகளே வேர் என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2: பழைய ஆவணங்களில் தேடுவதானால் 67 என்ற எண்ணைப் பாருங்கள். நாகப்பட்டினம் செல்லும் இந்த நெடுஞ்சாலை, 2010இல் நடந்த மறு எண்ணிடலுக்குப் பின்னரே 83 ஆனது.

பதில் 3: சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரானால், மாற்றுச் சாலை இல்லாத நிலையில், சொந்தப் பயன்பாட்டு வாகனத்துக்குச் சலுகை மாதச் சீட்டு உண்டு, இருப்பிடச் சான்றுடன் விண்ணப்பியுங்கள்.