தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியபின் மைலேஜ் இறங்கிவிட்டது, எஞ்சின் சூடு குறைந்ததுதான் காரணமா?

பர்லியார்வளைவு:
2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர். போன கோடையில் கல்லாரிலிருந்து குன்னூர் ஏறும்போது பாதி காட்டில் ஹீட் ஆகி நின்றுவிட்டது. கீழே மெக்கானிக்கிடம் விட்டேன், தெர்மோஸ்டாட் வால்வை (எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைப்பது) கழற்றிப் போட்டுவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார், இனி ஹீட்டே ஆகாது" என்றார். அதன்பிறகு ஆகவில்லை, உண்மைதான். ஆனால் ஃபுல் டேங்க் அடித்துக் கணக்குப் போட்டால் முன்பு 16 வந்த வண்டி இப்போது 13ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. ப்ளூடூத் ஓபிடி (எஞ்சின் சென்சார் அளவுகளை மொபைலில் காட்டும் கருவி) செருகிப் பார்த்தேன். குன்னூரில் காலையில் ஓட்டும்போது கூலண்ட் சூடு 60ஐ ஒட்டியே நிற்கிறது, அன்னூர் ரோட்டில் 80 கிமீ வேகத்தில் போனால் 68, 70, டிராஃபிக்கில் நின்றால் மட்டும் 90க்கு ஏறுகிறது. எஞ்சின் குளிர்ந்து ஓடினால் நல்லதுதானே என்கிறார் மச்சான். அப்படியானால் மைலேஜ் எங்கே போனது?

நாலாவதுகியர்:
மச்சான் சொல்வது தலைகீழ். பெட்ரோல் எஞ்சினுக்கு 85-லிருந்து 100 வரை இருப்பதுதான் சுகமான சூடு. 60ல் ஓடினால் எஞ்சின் இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை என்றே ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், நினைத்துக்கொண்டிருக்கும். குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதைச் சரிக்கட்டப் பல கார்களில் கொஞ்சம் அதிகமாகத் தெளிக்கும், ஐடிலிங்கையும் தூக்கி வைக்கும். அதைவிட முக்கியம் ஆயில். சாதாரண 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஏறக்குறைய ஆறு மடங்கு கெட்டி, அந்தக் கெட்டியைக் கிழித்துக்கொண்டுதான் கிராங்க் சுற்ற வேண்டும், அதற்கும் உங்கள் பெட்ரோல்தான் செலவு. தேய்மானம் குறையும் என்பதும் தப்பு, எரியாத பெட்ரோல் பிஸ்டன் ரிங் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும், ஈரமும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்பக்கம் பாருங்கள், மோர் கடைந்தபோது ஒட்டிய வெண்ணெய் மாதிரி மஞ்சளாக ஏதாவது படிந்திருக்கிறதா?

இன்னொன்று, டாஷ்போர்டு முள்ளை நம்பாதீர்கள். நிறைய வண்டிகளில் 75க்கும் 105க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் முள் நட்டநடுவில்தான் நிற்கும், டிரைவர் பயந்துவிடக் கூடாது என்று அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஓபிடி போட்டது நல்ல வேலை.

பழையகார்பரேட்டர்:
மெக்கானிக்கை ரொம்பத் திட்ட வேண்டாம். அம்பாசடர் ஓடிய காலத்தில் கோடை வந்தால் பாதிப் பேர் வால்வைக் கழற்றித்தான் ஓட்டினார்கள், கார்பரேட்டருக்குச் சென்சாரும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இப்போதைய எஞ்சினுக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது, அவ்வளவுதான்.

ஆனால் 16 மொத்தமாக 13 ஆனதற்குச் சூடு மட்டும் காரணம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இப்போது மலையிலேயே இருக்கிறீர்களா? இரண்டாவது கியரில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் எந்த வண்டியும் 16 தராது. டயர் காற்றையும் பாருங்கள். அப்புறம், முதலில் ஏன் ஹீட் ஆனது என்று யாருமே கேட்கவில்லையே? ஃபேன் ஓடியதா, ரேடியேட்டர் மூடி பிரஷர் பிடிக்கிறதா, கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி உள்ளே உப்பு அடைத்திருக்கிறதா?

பர்லியார்வளைவு:
ஆமாம், ஜூலையிலிருந்து வேலை குன்னூரில், வீட்டிலிருந்து ஆபீஸ் நாலு கிலோமீட்டர் கூட இல்லை. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன், மஞ்சளாகத்தான் இருக்கிறது. கூலண்ட் பச்சையாக இல்லை, துரு கலரில் இருக்கிறது.

ஈசியூபித்து:
நாலு கிலோமீட்டரா, பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் சொல்லும் கணக்கு: 25 டிகிரி வெயிலில் டவுனுக்குள் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7ல் சுமார் 15 சதவீதம் குறையும், மூன்று நாலு மைல் மட்டும் ஓட்டினால் 24 சதவீதம் வரைகூடப் போகும். குன்னூரில் மைனஸ் 7 கிடையாது, ஆனால் வால்வு இல்லாத எஞ்சின் கிளம்பிய நிமிடத்திலிருந்தே ரேடியேட்டருக்குச் சூட்டைத் தாரை வார்க்கிறது, ஆபீஸ் வாசலில் நிறுத்தும்போதுகூட அது வார்ம் ஆகியிருக்காது. வேகமாகப் போனால் இறங்கி, நின்றால் ஏறுகிறது என்கிறீர்களே, வால்வு இல்லாத வண்டியின் அடையாளமே அதுதான்.

இதற்காக வாசலில் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விட்டுச் சூடாக்க வேண்டாம், அந்த நேரத்து மைலேஜ் பூஜ்யம். கிளம்பி மெதுவாக ஓட்டினாலே சீக்கிரம் சூடாகும்.

அதற்காகச் சூடு ஏற ஏற மைலேஜும் ஏறும் என்று இல்லை. ரொம்பச் சூடானால் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) வரும், ஈசியூ ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைத் தள்ளிப்போடும், இழுவை போகும். பிஎம்டபிள்யூ சில எஞ்சின்களில் மின்சாரத்தால் கட்டுப்படும் தெர்மோஸ்டாட் வைத்தது இதற்குத்தான், லேசாக ஓட்டும்போது 105க்கு மேல்கூட விட்டு, அழுத்தி மிதித்தால் உடனே கீழே கொண்டுவரும்.

பழையகார்பரேட்டர்:
துரு கலர் என்றால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் வால்வு மாட்டாதீர்கள், மறுபடி அதே வளைவில் நிற்பீர்கள். வால்வு இல்லாவிட்டால் ஹீட்டே ஆகாது என்பதும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. சிலவற்றில் வால்வு முழுதாகத் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே அடைக்கும், அதைக் கழற்றினால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். இந்தக் காட் ரோட்டில் வேண்டாம்.

புது வால்வு வாங்கினால் மேலே 82, 88 என்று அது திறக்கும் சூடு பொறித்திருக்கும், உங்கள் எஞ்சினுக்கு உரியதையே வாங்குங்கள். மாட்டுமுன் பாத்திரத்தில் தண்ணீர் சுட வைத்து அதில் போட்டுத் திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பில் குட்டி ஆணி ஆடினால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறும் வழி அது. கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டரை ஃபுல்லில் வையுங்கள். ஆயிலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.